மனம் தடம் மாற எவ்வளவு நேரமாகிறது? நலமுள்ள பெரியவர்களின் சிந்தனை நெகிழ்வை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டிய ஒரு தாள். முதலாமவர் அதை 62 விநாடியில் முடிக்கிறார், இரண்டாமவர் 48 விநாடியில். யாருடைய மனம் அதிகம் நெகிழ்கிறது? வகுப்பில் இப்படிக் கேட்டால் கைகள் எல்லாம் இரண்டாமவருக்கே உயரும். பிறகு இன்னொரு தகவலைச் சொல்வேன்: எண்களை மட்டும் இணைக்கும் எளிய தாளை முதலாமவர் 38 விநாடியிலும் இரண்டாமவர் 18 விநாடியிலும் முடித்திருந்தார்கள். அதாவது, தடம் மாறுவதற்கென்று முதலாமவர் கூடுதலாகச் செலவிட்டது 24 விநாடி, இரண்டாமவர் 30 விநாடி. உயர்ந்த கைகள் மெல்ல இறங்கும்.

நெகிழ்வை நேரடியாகப் பார்த்தவர் எவரும் இல்லை. மாறுதல் உள்ள வேலையிலிருந்து மாறுதல் இல்லாத வேலையைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் அந்தப் பெயரால் அழைக்கிறோம். கழித்தல் எளிய கணக்குதான். ஆனால் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஆய்வுக்காக அல்லது பயிற்சிக்காக நலமுள்ளவர்களைச் சோதிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நோயறிதல் வேறு வேலை. அது பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளருடையது.

முதல் படி: எந்த நெகிழ்வு?

அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று சரக்குகள் இருக்கின்றன. விதி மாறியதைக் கண்டுகொண்டு பழைய வழியைக் கைவிடுவது ஒன்று. யாரும் தூண்டாமலே புதிய யோசனைகளைக் கிளப்புவது இன்னொன்று. நன்கு தெரிந்த இரண்டு வேலைகளுக்கு இடையே சட்டென்று தாவுவது மூன்றாவது. முதல் இரண்டும் வேறு வேறு என்பதை எஸ்லிங்கரும் கிராட்டனும் 1993இல் மூளைப் பாதிப்பு உள்ளவர்களை வைத்துக் காட்டினார்கள். மூளையின் முன்பகுதியான நெற்றி மடலில் பாதிப்பு இருந்தவர்கள் இரண்டிலும் தடுமாறினார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளில் பாதிப்பு இருந்தவர்களோ விதி மாறும் சோதனையில்தான் தடுமாறினார்கள். மூன்றாவது வகையை மியாக்கே குழுவினர் 2000இல் 137 கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். தாவுதல், நினைவைப் புதுப்பித்தல், தடுத்து நிறுத்துதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்றாலும் தனித்தனித் திறன்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்வியை முதலில் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘இரவுப் பணி முடித்தவர்கள் ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற அதிக நேரம் எடுக்கிறார்களா?’ என்பது மூன்றாவது வகை. அதற்குச் செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனையைக் கொடுத்துவிட்டு, முடிவு வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

வினாத்தாள்களையும் சோதனைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டென்னிஸ், வாண்டர் வால் ஆகியோரின் 20 கேள்விப் பட்டியல் (2010) போன்றவை, ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை அளக்கின்றன. அதுவும் பயனுள்ள தகவல்தான். ஆனால் ஸ்டாப்வாட்ச் சொல்வதும் வினாத்தாள் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க முடியாது.

இரண்டாம் படி: சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே நலமுள்ளவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் புகழ்பெற்ற சோதனைகளில் பல, மூளைப் பாதிப்பைக் கண்டறியும் கருவிகளாகவே பேரெடுத்தவை. நலமுள்ள இளைஞர்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். கூரை தாழ்வான அறையில் எல்லோருடைய உயரமும் ஒன்றுதான்.

விஸ்கான்சின் அட்டைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். எஸ்தா பெர்க் 1948இல் வெளியிட்டது. மேசையில் நான்கு மாதிரி அட்டைகள்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரங்கள், மூன்று மஞ்சள் சிலுவைகள், நான்கு நீல வட்டங்கள். பங்கேற்பாளர் கையில் உள்ள அட்டையை இந்த நான்கில் ஒன்றோடு பொருத்த வேண்டும். நிறத்தாலா, வடிவத்தாலா, எண்ணிக்கையாலா என்பதைச் சொல்ல மாட்டோம். ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அவருக்குக் கிடைக்கும். தொடர்ந்து 10 சரியான விடை வந்ததும் விதியைச் சத்தமில்லாமல் மாற்றுவோம். ஆறு சுற்று முடியும்வரை, அல்லது 128 அட்டைகள் தீரும்வரை இது தொடரும். விதி மாறிய பிறகும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பதை விடாப்பிடிப் பிழை என்கிறோம். பிரெண்டா மில்னர் 1963இல் நெற்றி மடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இந்தப் பிழை கூடுவதைக் காட்டிய பிறகு சோதனை உலகப் புகழ் பெற்றது.

நலமுள்ளவர்களிடம் இதே பிழை கையளவுதான் வரும். கூர்மையானவர்கள் சிலர் வேறொரு வழியில் தவறுவதையும் பார்த்திருக்கிறேன்: விதி இவ்வளவு எளிதாகவா இருக்கும் என்று சந்தேகித்து, ‘சிவப்பாக இருந்து எண்ணிக்கை ஒற்றையாகவும் இருந்தால் இடப்பக்கம்’ என்று கோட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் மதிப்பெண் குறைவதற்குக் காரணம் நெகிழ்வின்மை இல்லை, அதிகப்படியான யோசனை. போதாக்குறைக்கு, விதி மாறும் என்ற ரகசியம் ஒருமுறை தெரிந்துவிட்டால் இரண்டாம் முறை கொடுக்கும்போது அது வேறு சோதனையாகிவிடுகிறது. முன்னும் பின்னும் அளக்க வேண்டிய ஆய்வுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நெல்சன் 1976இல் உருவாக்கிய 48 அட்டைச் சுருக்க வடிவத்தில் விதி மாறுவதை வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். சோதிக்கப்படுபவருக்குப் பதற்றம் குறையும், கூரையோ இன்னும் தாழும்.

நலமுள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நேரத்தை அளக்கும் சோதனைகளை. எல்லோரும் சரியாகச் செய்தாலும் எல்லோரும் ஒரே வேகத்தில் செய்வதில்லை. மூன்று போதும்: டிரெயில் மேக்கிங் (தொடக்கத்தில் சொன்ன கோட்டால் இணைக்கும் தாள்), கூட்டல்-கழித்தல், கணினியில் வேலைமாற்றச் சோதனை. ஏன் மூன்று? எந்தச் சோதனையும் நெகிழ்வை மட்டும் அளப்பதில்லை. ஒன்றில் கண்ணின் வேகம் கலக்கிறது, மற்றொன்றில் கணக்குப் பழக்கம், இன்னொன்றில் விரலின் வேகம். மூன்றிலும் பொதுவாக நிற்பதையே நம்பலாம். விதியைக் கண்டுபிடிக்கும் திறனும் வேண்டுமென்றால் பர்கஸ், ஷாலிஸ் ஆகியோரின் பிரிக்ஸ்டன் சோதனையைச் (1997) சேர்த்துக்கொள்ளலாம்.

விலைக்கு விற்கப்படும் சோதனைகளைப் படியெடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படியும் நெறிப்படியும் தவறு. கணினிச் சோதனைகளுக்குப் பெபிள், சைடூல்கிட் ஆகிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

மூன்றாம் படி: மொழியும் கண்ணும்

டிரெயில் மேக்கிங் சோதனை 1944ஆம் ஆண்டின் அமெரிக்க இராணுவச் சோதனைத் தொகுப்பிலிருந்து வந்தது. முதல் பகுதியில் 1 முதல் 25 வரையிலான வட்டங்களை வரிசையாக இணைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் 1-ஏ-2-பி-3-சி என்று மாறி மாறி. அதில் 13 எண்களும் 12 ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. தமிழில் உயிரெழுத்தும் பன்னிரண்டுதான் என்பதைக் கவனித்ததும் எனக்கு வந்த உற்சாகம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. 1-அ-2-ஆ என்று அழகாகத் தொடங்கும் தாள், எ, ஏ, ஒ, ஓ, ஔ வரும் இடத்தில் வேறு சோதனையாக மாறுகிறது. ஒன்றுக்கொன்று சாயல் உள்ள எழுத்துகளைத் தேடுவதில் கண் தடுமாறுகிறது. அந்தத் தாமதமும் ‘தடம் மாறும் நேரம்’ என்ற கணக்கில் ஏறிவிடுகிறது. அதோடு, எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர்கள் பலரும் ‘ஐ’க்குப் பிறகு என்ன என்று கேட்டால் ‘அ’விலிருந்து ஓதிக்கொண்டு வந்துதான் பதில் சொல்கிறார்கள்.

தமிழ்த் தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. பயன்படுத்துவதானால் மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும்: உயிரெழுத்துகளை மட்டும் வரிசையாக இணைக்கும் தாள். எண் தாளின் நேரத்தோடு எழுத்துத் தாளின் நேரத்தையும் அடிப்படையாகக் கொண்டால்தான் கழித்தல் நேர்மையாக இருக்கும். ஆங்கில வடிவத்துக்கான சராசரிகளோடு தமிழ்த் தாளின் நேரத்தை ஒப்பிடவே கூடாது. எழுத்தே வேண்டாம் என்றால், ஒரே எண் இரண்டு நிறங்களில் வரும் கலர் டிரெயில்ஸ் சோதனை இருக்கிறது.

நிறம் வரும் எந்தச் சோதனைக்கு முன்பும் நிறப்பார்வையைச் சரிபாருங்கள். படிக்கும் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்களை வேறொரு நாள் வரச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்த சோதனையின் எண்ணை எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது. வயது, படித்த ஆண்டுகள், முந்தைய இரவின் தூக்கம், அன்று குடித்த காபி, எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகியவற்றைத் தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நான்காம் படி: தாளும் பென்சிலும்

டிரெயில் மேக்கிங்கில் இரண்டு பகுதிகளுக்கு முன்பும் எட்டு வட்டங்கள் கொண்ட மாதிரித் தாள் உண்டு. பங்கேற்பாளர் மாதிரியைத் தவறில்லாமல் செய்த பிறகுதான் உண்மையான தாளைத் திருப்ப வேண்டும். கட்டளையை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அதே சொற்களில் வாசியுங்கள். ‘முடிந்த அளவு வேகமாக’ என்று ஒருவரிடமும் ‘நிதானமாக’ என்று இன்னொருவரிடமும் சொன்னால் நீங்கள் அளந்தது உங்கள் வாயை.

பங்கேற்பாளர் தவறினால் உடனே சுட்டிக்காட்டிக் கடைசியாகச் சரியாக இருந்த வட்டத்துக்கு அவரைத் திருப்புங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிழையின் விலை நேரத்தில்தான் சேர்கிறது. பயிற்சிக் காலத்தில் நான் இரக்கப்பட்டுப் பிழையைச் சுட்டும் நேரமெல்லாம் ஸ்டாப்வாட்சை நிறுத்தி வைத்தேன். அந்த வாரத்தின் பதினோரு தாள்களையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதிகம் தவறியவர்களே அதிக வேகக்காரர்களாகத் தெரிந்தார்கள். சுட்டிக்காட்டும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஓர் ஆய்வில் இரண்டு பேர் சோதிப்பதாக இருந்தால் முதலில் ஒரே பங்கேற்பாளரின் காணொளியை வைத்து இருவரும் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டல்-கழித்தல் சோதனைக்கு அச்சிட்ட மூன்று தாள்கள் போதும். இதன் வேர் ஜெர்சில்டின் 1927ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் 30 ஈரிலக்க எண்கள். முதல் தாளில் ஒவ்வோர் எண்ணோடும் 3 கூட்ட வேண்டும், இரண்டாம் தாளில் 3 கழிக்க வேண்டும், மூன்றாம் தாளில் ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழிக்க வேண்டும். அடையாளக் குறி எதுவும் கிடையாது. அடுத்தது கூட்டலா கழித்தலா என்பதை அவரேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 10 முதல் 99 வரை சரியாக 90 எண்கள் இருப்பதால் எதுவும் திரும்ப வராமல் மூன்று தாளுக்கும் பிரித்துவிடலாம்.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 47ஓடு 3 கூட்டினால் பத்து தாண்டுகிறது, 41இலிருந்து 3 கழித்தால் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 45இல் இரண்டு தொல்லையும் இல்லை. 7, 8, 9இல் முடியும் எண்களும் 0, 1, 2இல் முடியும் எண்களும் ஒரே தாளில் குவிந்துவிட்டால் அந்தத் தாள் கணக்கிலேயே கடினமாகிவிடும். ஒவ்வோர் இறுதி இலக்கத்திலும் ஒன்பது எண்கள் இருப்பதால் தாளுக்கு மூன்று என்று சமமாக வைக்கலாம். மூன்றாம் தாளில் கூட்டலுக்கு வருபவை எவை, கழித்தலுக்கு வருபவை எவை என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஒருவர் 58, 66, 81 விநாடியில் மூன்று தாள்களையும் முடித்தால் முதல் இரண்டின் சராசரி 62. மாறுதலின் விலை 19 விநாடி.

ஐந்தாம் படி: கணினியில் வேலைமாற்றம்

ரோஜர்ஸ், மான்செல் ஆகியோர் 1995இல் கையாண்ட முறையைச் சிறிது மாற்றித் தமிழில் இப்படி அமைக்கலாம். திரையில் ‘ஊ4’ போல ஓர் உயிரெழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து வரும். ஒரு வேலையில் எழுத்து குறிலா நெடிலா என்று சொல்ல வேண்டும். மற்றொன்றில் எண் ஒற்றையா இரட்டையா என்று. இரண்டுக்கும் அதே இரண்டு பொத்தான்கள்தான். ஐ, ஔ இரண்டையும் விட்டுவிட்டால் ஐந்து குறிலும் ஐந்து நெடிலும் கிடைக்கும்.

திரையை நான்கு கட்டங்களாகப் பிரித்து, மேல் இரண்டில் தோன்றினால் எழுத்து வேலை, கீழ் இரண்டில் தோன்றினால் எண் வேலை என்று வையுங்கள். கடிகாரச் சுற்றில் நகர்ந்தால் எழுத்து, எழுத்து, எண், எண் என்று வரும். ஒன்றுவிட்டு ஒன்று மாறுதல். இதற்கு முன்பு எழுத்து மட்டும், எண் மட்டும் வரும் தூய தொகுதிகளையும் ஓட்டுங்கள். பல ஆய்வுகள் இதை மிச்சப்படுத்துகின்றன. வீண் சிக்கனம் அது.

காரணத்தை எண்களில் காட்டுகிறேன். ஒருவருக்குத் தூய தொகுதியில் 590 மில்லி விநாடி, கலந்த தொகுதியில் அதே வேலை தொடரும்போது 720, வேலை மாறும்போது 905 என்று வைத்துக்கொள்வோம். 905இலிருந்து 720ஐக் கழித்தால் வரும் 185 மாறுதல் விலை: அந்தக் கணத்தில் தாவுவதற்கானது. 720இலிருந்து 590ஐக் கழித்தால் வரும் 130 கலப்பு விலை: எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று இரண்டு வேலைகளையும் கையில் ஏந்திக்கொண்டிருப்பதற்கானது. தூய தொகுதி இல்லையென்றால் இரண்டாவதை அளக்கவே வழியில்லை. டிரெயில் மேக்கிங்கிலும் கூட்டல்-கழித்தலிலும் இந்த இரண்டு விலைகளும் ஒன்றாகக் கலந்தே கிடைக்கின்றன.

அடுத்தது எங்கே வரும் என்று முன்பே தெரிந்து, தயாராக நேரமும் கிடைத்தால் மாறுதல் விலை குறையும். ஆனால் முழுவதும் மறையாது. எனவே ஒரு விடைக்கும் அடுத்த தூண்டலுக்கும் (திரையில் வரும் எழுத்து-எண் சோடிக்கும்) இடையே உள்ள இடைவெளியை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள், அறிக்கையிலும் எழுதுங்கள்.

ஆறாம் படி: கணக்கு

தொகுதியின் முதல் தூண்டலை நீக்குங்கள், அதற்கு முந்தைய வேலை என்று ஒன்று இல்லை. பிழையான விடையையும் அதற்கு அடுத்ததையும் நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். 200 மில்லி விநாடிக்கும் குறைவாக வந்தது விடை ஆகாது, விரல் நழுவல். மேல் எல்லையைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எல்லை போடுகிறவரின் கை, தான் விரும்பும் பக்கமே சாயும். பிழை விகிதத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். வேகமாகவும் தவறாகவும் செய்தவரை நெகிழ்வானவர் என்று சொல்லிவிடக் கூடாது.

டிரெயில் மேக்கிங்கில் கழித்தலா வகுத்தலா என்ற வாதம் பழையது. தொடக்கத்தில் சொன்ன முதலாமவருக்கு விகிதம் 1.6, இரண்டாமவருக்கு 2.7. இங்கே இரண்டு வழிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எப்போதும் அப்படி அமையாது. வயதானவர்களையும் இளைஞர்களையும் ஒப்பிட்டால் மெதுவாகச் செய்கிறவரின் எல்லா நேரங்களும் சேர்ந்தே நீள்வதால், கழித்து வரும் எண்ணும் தானாகப் பெருகும். அங்கே விகிதத்தையும் பாருங்கள். எதை முதன்மையாகக் கொள்வது என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இனி, கழித்தலுக்குள் ஒளிந்திருப்பதாகச் சொன்ன ஆபத்து. இரண்டு அளவுகள் ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையும் (மறுபடி அளந்தாலும் ஆட்களின் வரிசை மாறாமல் நிற்கும் அளவு; 1 என்றால் முழுமை) 0.85, அவற்றுக்கிடையே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) 0.75, பரவலும் ஒன்றே என்று கொள்வோம். வித்தியாசத்தின் நம்பகத்தன்மை எவ்வளவு? 0.85இலிருந்து 0.75ஐக் கழித்து, அதை 1இலிருந்து 0.75 போக மிஞ்சும் 0.25ஆல் வகுக்க வேண்டும். விடை 0.40. இரண்டு நல்ல அளவுகோல்களைக் கழித்து ஒரு மோசமான அளவுகோலைச் செய்துவிட்டோம். பொதுவானது கழிந்துபோகிறது, பிழை கழியாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் 2018இல் இதை ஒட்டிய முரணை விளக்கினார்கள்: எல்லோரிடமும் உறுதியாகத் தோன்றும் விளைவு, ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடாது. குழுக்களை ஒப்பிட அது சிறந்த கருவி. தனி மனிதர்களை வரிசைப்படுத்த மோசமான கருவி.

ஆகவே கணினிச் சோதனையில் நான்கு தூண்டல்கள் கொண்ட சுழற்சிகளை ஒற்றை, இரட்டை என்று பிரித்து, மாறுதல் விலையை இருமுறை தனித்தனியாகக் கணக்கிட்டு ஒட்டுறவைப் பாருங்கள் (தூண்டல்களையே ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் மாறுதல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடும்). குறைவாக வந்தால் தூண்டல்களைக் கூட்டுங்கள்.

ஏழாம் படி: எண்ணை வாசித்தல்

டோம்பா 2004இல் வெளியிட்ட டிரெயில் மேக்கிங் சராசரிகள் 18 முதல் 89 வயது வரையிலான 911 பேரிடமிருந்து பெறப்பட்டவை. 18 முதல் 24 வயதினரின் சராசரி முதல் பகுதிக்குச் சுமார் 23 விநாடி, இரண்டாம் பகுதிக்குச் சுமார் 49. வயது ஏற ஏற இரண்டும் நீள்கின்றன. கல்வியும் கணக்கில் வருகிறது. ஒப்பிடும் குழு உங்கள் பங்கேற்பாளரின் வயது, கல்வி, மொழி மூன்றிலும் பொருந்தவில்லை என்றால், உங்களுடைய கட்டுப்பாட்டுக் குழுவே உங்களுக்குச் சராசரி.

இரண்டு மதிப்பெண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் உண்மையானதா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அளவின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 12 விநாடி, நம்பகத்தன்மை 0.7 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.7 போக மிஞ்சும் 0.3ஐ இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்து, 12ஆல் பெருக்கினால் 9.3. அதை 1.96ஆல் பெருக்கினால் சுமார் 18 விநாடி. அதற்குக் குறைவான வித்தியாசத்தை அளவீட்டின் ஊசலாட்டமாகவே கருத வேண்டும். ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் ஆகியோர் 1991இல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப் பரிந்துரைத்த கணக்கும் இதுதான். மறுசோதனையில் பழக்கத்தால் வரும் முன்னேற்றமும் உண்டு என்பதால், இடையில் எதுவும் செய்யாத ஒரு குழுவை வைத்து அதையும் கழித்தாக வேண்டும்.

நம் முதலாமவரையும் இரண்டாமவரையும் பிரித்தது 24, 30. வெறும் 6 விநாடி. இந்தக் கணக்கின்படி வகுப்பில் ஒரு கையும் உயர்ந்திருக்கக் கூடாது.

சோதனை முடிந்து பென்சிலை வைத்ததும் பங்கேற்பாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே ‘எப்படிச் செய்தேன்?’ என்று கேட்பார்கள். ‘நன்றாக’ என்று சொன்னால் அடுத்தவரிடமும் அதையே சொல்ல வேண்டியிருக்கும், சொல்லாவிட்டால் அவர் வருந்துவார். விடையை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: ‘எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டீர்கள். தனித்தனி மதிப்பெண் நாங்கள் பார்ப்பதில்லை, எல்லோருடையதையும் சேர்த்துத்தான் பார்ப்போம். இதில் என்ன கேட்டோம் என்பதை மட்டும், இன்னும் வராத உங்கள் நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.’